தம்பியின் ரம்பத்துக்கு ஒரு பிடி

...இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு பிடித்துப் பார்ப்பது சரியாக வராது, மடக்கின விரல் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது, இல்லாத விரல் எங்கே இடத்தை அடைக்கப் போகிறது, அப்படியானால் காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த கனம் தப்பு, மேல்பக்கம் இன்னும் பருமனாக விட வேண்டும், நல்லவேளை அங்கே இன்னும் உளி படவில்லை... ஹம்ரோகுல் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நேராக வெளியே நீட்டிக்கொண்டு, கட்டைவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றால் மட்டும் அந்த மரத்துண்டைப் பற்றிப் பார்த்தார். யாராவது வாசல் வழியே எட்டிப் பார்த்தால் ஐம்பத்தாறு வயதுத் தச்சன் துப்பாக்கி விளையாட்டு விளையாடுகிறான் என்றுதான் நினைப்பார்கள். எட்டிப் பார்க்கத்தான் யார் இருக்கிறார்கள்? விரலை நீட்டினால் உள்ளங்கை காலியாகிவிடுகிறது, பிடி மேலே ஆடுகிறது. ஆடுகிற இடத்தில் மரம் இருக்க வேண்டும், விரல் விட்டுப்போன இடத்தை மரம் நிரப்ப வேண்டும், வேலை அவ்வளவுதான். சொல்லும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. இன்று பொழுது சாய்வதற்குள் இது முடிந்தாக வேண்டும். நாளை இஸ்மத் வீட்டில் ஹஷர், மகனுக்குக் கட்டும் புது வீட்டுக்குக் கூரை ஏற்றுகிறான், தெருவில் உள்ள ஆண்கள் எல்லாரும் அவரவர் கருவியை எடுத்துக்கொண்டு போய் ஒரு நாள் கூலியில்லாமல் உழைத்துவிட்டு, மத்தியானம் அங்கேயே புலாவ் சாப்பிட்டுவிட்டு வருவார்கள். ஹஷருக்கு யாரும் யாரையும் அழைப்பதில்லை, காதில் விழுந்தால் போக வேண்டியதுதான், காதில் விழுந்தும் போகாதவனைப் பற்றித்தான் ஊர் பேசும். ஹம்ரோகுல் காதில் போன வாரமே விழுந்துவிட்டது. சொந்தத் தம்பி, நாலு சந்து தள்ளி வீடு, பன்னிரண்டு வருஷமாக ஸலாமுக்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. நாளைக்குப் போக வேண்டும், போய் இந்த ரம்பத்தை அவன் கையில் கொடுக்க வேண்டும், அவன் வாங்கிக்கொண்டால் மத்தியானம் அவனுக்கு எதிரே உட்கார்ந்து ஒரே தட்டில் கை வைக்க வேண்டும். வாங்காவிட்டால்? வாங்காவிட்டால் என்ன, ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு அத்தனை பேர் பார்க்க நாலு சந்து திரும்பி நடக்க வேண்டும்.

ரம்பம் அப்பாவுடையது. சோவியத் காலத்துத் தகடு, சுண்டினால் இன்னும் ஓசை எழுகிறது, அப்பா அரம் போட்டு அரம் போட்டுப் பல் தேய்ந்து அகலம் பாதியாகிவிட்டது, ஆனாலும் இந்தக் காலத்துக் கடை ரம்பம் எதுவும் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. பன்னிரண்டு வருஷம் இந்தப் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கியது, ஒரு பலகையைக் கூட அறுக்கவில்லை. ஹஷர் என்று கேள்விப்பட்ட அன்றைக்கு எடுத்துத் துடைக்கலாம் என்று கையை வைத்தால் பிடி மட்டும் கையோடு வந்தது, தகடு தரையில் விழுந்து கலகலவென்று ஆடிற்று, உள்ளே பூராவும் பூச்சி. வெளியே பளபளவென்று இருந்த பிடி உள்ளே மாவாகப் போயிருந்தது... எத்தனை வருஷமாகத் தின்றுகொண்டிருந்ததோ, இதே பட்டறையில் தினமும் உட்கார்ந்திருந்தும் தெரியவில்லை. அதனால் புதுப் பிடி. மரம் தேட வேண்டிய அவசியம் இருக்கவில்லை, அப்பாவின் முற்றத்தில் நின்ற ஆப்ரிகாட் மரம், அப்பா இறந்த வருஷம் வசந்தக் காற்றில் சாய்ந்தது, அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து அறுத்துப் பலகையாக்கிப் பாதிப் பாதி எடுத்துக்கொண்டது, அதில் ஒரு பலகை பரணில் மிச்சம் இருந்தது. சிவந்த மரம், கல் மாதிரி, உளியை நான்கு தடவை தீட்ட வைத்துவிட்டது. ரேகை பிடியின் நீளத்தோடு ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் முதல் பலகையிலேயே கழுத்து முறியும், இதைச் சொல்லித்தர யாரும் தேவையில்லை, ஆனாலும் வரைந்துவிட்டு மூன்று முறை திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம் கட்டைவிரல் படுக்க ஒரு குழி, வலப்பக்கம் மேலே, அந்த இரண்டு விரல் இருந்திருக்க வேண்டிய இடத்தில், ஒரு மேடு, அடியில் சுண்டுவிரல் கொக்கி போட்டுக்கொள்ள ஒரு வளைவு. மேடு எவ்வளவு உயரம்? இஸ்மத்துக்கு வலது கை ஆள்காட்டி விரல் அடியோடு போய்விட்டது, அது தெரியும். நடுவிரல்? பாதி இருக்கிறதா, ஒரு கணுவாவது இருக்கிறதா? பாதி இருந்தால் மேடு இவ்வளவு வேண்டாம். ஆஸ்பத்திரியில் பார்த்தது துணிக்கட்டு. அதற்கப்புறம் பார்க்கவில்லையா? பார்க்கத்தான் இல்லை. அம்மாவைக் குழியில் இறக்கி ஆளுக்கொரு பிடி மண் போட்டபோது பக்கத்தில்தான் நின்றான், சட்டைக் கை விரல் நுனி வரைக்கும் இறங்கியிருந்தது, அந்தக் கைக்குள்ளிருந்துதான் மண் விழுந்தது. எதிரே வந்தால் கோட்டுக்குள் கையை விட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டு தலையை அசைப்பான், ஸலாம் முடிந்தது. பாதி என்று வைத்துக்கொள்வோம். கொஞ்சம் கூடுதலாகவே மரம் இருக்கட்டும், வேண்டாமென்றால் அவனே அரம் போட்டுக்கொள்வான்.

வயிறு ஞாபகப்படுத்தியது. மத்தியானம் ஆகிவிட்டதா? வெயில் பட்டறை வாசலைத் தாண்டி இழைப்புச் சுருள்கள் வரைக்கும் வந்துவிட்டது, ஆகித்தான் இருக்கும். மனைவி மஸ்தூரா இருந்தால் இந்நேரம் இரண்டு தடவை குரல் கொடுத்திருப்பாள், மூன்றாவது தடவை குரல் வராது, பாத்திரத்தை வைக்கிற சத்தம் வரும், அந்தச் சத்தத்துக்குப் பயந்துகொண்டாவது எழுந்து போவார். மஸ்தூரா குஜந்து நகரத்தில் இருக்கிறாள், மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, நாற்பது நாள் தாயையும் பிள்ளையையும் தனியே விடக் கூடாது, இன்றைக்கு இருபத்திரண்டாவது நாள். மகன் ரஷ்யாவில், அவன் கணக்கு நாளில் இல்லை, வருஷத்தில். சமையலறையில் நேற்றைய ரொட்டி, அதை உடைத்துத் தேநீரில் நனைத்து நின்றுகொண்டே தின்றார், உட்கார்ந்தால் விரிப்பு போட வேண்டும், ஒரு ஆளுக்கு எதற்கு விரிப்பு, இரண்டு கிண்ணத்தை ஏன் எடுத்து வைத்தோம் என்று பார்த்து ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தார். போன் அடித்தது. மஸ்தூராதான், சாப்பிட்டாச்சா, என்ன சாப்பிட்டீங்க, பொய் சொல்லாதீங்க, பிள்ளைக்கு மூக்கு உங்களை மாதிரி, பாவம், அதுக்கு இந்த வயசுலயே... என்று சிரித்தாள், பின்னாலிருந்து பிள்ளை அழுகிற சத்தம், யாரோ வெந்நீர் கேட்கிற சத்தம், ஒரு வீடு முழுக்க ஆட்கள் இருக்கிற சத்தம். நாளைக்கு ஹஷருக்குப் போகிறீர்களா என்று கேட்டாள். போகிறேன் என்றார்.  நல்ல சட்டையாப் போட்டுக்கிட்டுப் போங்க, மரத்தூள் ஒட்டின அந்தச் சாம்பல் சட்டை வேண்டாம், என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். போன் வைத்த பிறகு வீடு முன்னைவிடச் சத்தமில்லாமல் ஆகிவிட்டது. போன் வராமலே இருந்திருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றி, தோன்றினதற்காக வெட்கப்பட்டுக்கொண்டு பட்டறைக்குத் திரும்பினார்.

அரத்தைப் போட்டால் மனசு ஓடும், அதுதான் அரத்தில் உள்ள தொந்தரவு. உளி பிடித்தால் கண் அங்கேயே இருக்கும், அரம் போடும்போது கை தானாக ஓடுகிறது, மனசுக்கு வேலை இல்லை, நேரே போய்ப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின அந்த ஜனவரியில் நிற்கிறது. அந்த வருஷங்களில் குளிர்காலம் வந்தால் மின்சாரம் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, வந்தால் ஒரு நிமிஷத்தையும் விடக் கூடாது, அதனால் எந்த வீட்டிலும் யாரும் எதையும் அணைப்பதில்லை. பல்பு சுவிட்ச் போட்டபடி, ரேடியோ முழுச் சத்தத்தில் திருகினபடி, இஸ்திரிப்பெட்டி கூடச் செருகினபடி. வந்ததும் தெரு முழுக்க ஒரே நேரத்தில் ரேடியோ பாடும், பெண்கள் மாவைத் தூக்கிக்கொண்டு மின்சார அடுப்புக்கு ஓடுவார்கள். பட்டறையில் பல்பு போய்விட்டிருந்தது. பல்பு வாங்க வேண்டும் வாங்க வேண்டும் என்று நாலு நாளாக... அதற்குப் பதில் வட்ட ரம்ப மிஷினின் சுவிட்சைப் போட்டே வைத்தார், அது உறுமினால் தெரிந்துவிடும், ஓடி வந்து வேலையைப் பார்க்கலாம், எவ்வளவு கெட்டிக்காரத்தனம். போட்டுவிட்டுத் தேநீர் குடிக்க உள்ளே போனார். சுவிட்ச் போட்டிருக்கு என்று இஸ்மத்திடம் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் முதல் வருஷம் நினைத்தார். வாசற்படியில் நின்று திரும்பிச் சொன்ன மாதிரி, அவன் தலையாட்டின மாதிரி கூட ஞாபகம் இருந்தது. அப்புறம் அந்தத் தலையாட்டல் வேறொரு நாளுடையது என்று தோன்றிற்று. இப்போது எதுவும் தெரியவில்லை. பட்டறையில் நின்ற இஸ்மத் மிஷின் பல்லில் சிக்கியிருந்த மரச்சிம்பைப் பிடுங்கக் கையை விட்டிருக்கிறான். உள்ளே கிண்ணத்தை வாயில் வைத்திருந்தபோது தெரு முழுக்க ரேடியோ பாட ஆரம்பித்தது, பட்டறையில் மிஷின் உறுமிற்று, அடடா வந்துவிட்டது என்று... சந்தோஷமாகத்தான் எழுந்தார். அந்த ஒரு நொடி, கத்தல் கேட்கும் வரைக்கும், நல்ல சந்தோஷம். மிஷினை மறுமாதமே பெயர்த்து எடுத்துப் பழைய இரும்புக்காரனிடம் தள்ளிவிட்டார், சந்தோஷத்தை யாரிடம் தள்ள முடியும், அது இங்கேயேதான் இருக்கிறது.

ஆனால் இஸ்மத் அதற்காகப் பேச்சை விடவில்லை, அது அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கூட விளையாட்டாகத்தான் பேசினான், அண்ணே, இனிமே பத்து வரைக்கும் எண்ணச் சொன்னா எட்டோட நிறுத்திக்கலாம், என்றான், முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. பேச்சு நின்றது ரம்பத்தால். கட்டு பிரிக்கிறதற்கு முன்னால், அவன் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், பார்க்கப் போனார். அப்பாவின் வீடு, கடைசிப் பிள்ளைக்குத்தான் அப்பன் வீடு என்பதால் இஸ்மத்துக்கு வந்த வீடு. முன்கூடத்துச் சுவரில் இந்த ரம்பம் தொங்கியது. அப்பா இதை இஸ்மத்துக்குத்தான் கொடுத்திருந்தார், நியாயம்தான், செதுக்குவது ஹம்ரோகுல் கை, அறுப்பது இஸ்மத் கை, கோடு போடாமல் அறுத்தால் கூட மயிர் பிசகாது. இஸ்மத் உள்ளே படுத்திருந்தான், அவன் பெண்டாட்டி பர்னோ தேநீர் ஊற்றினாள். ரம்பம் எதிரே தொங்கிக்கொண்டே இருந்தது, கண்ணை அதிலிருந்து எடுக்க முடியவில்லை, எழுந்திருக்கிற நாளில் அவன் கண்ணில் முதலில் இதுதான் படும், பட்டால் என்ன ஆவான்... எழுந்து கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். பர்னோ ஏன் என்று கேட்டாள். "இனிமே இது இங்க எதுக்கு? துருதான் புடிக்கும்" என்றார். இந்த வார்த்தையா வாயில் வர வேண்டும்? உள்ளே கட்டில் கிறீச்சிட்டது, கேட்டுவிட்டான். திரும்பிப் போய், அப்படி இல்லைடா என்று சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டார். நாளைக்கு நாளைக்கு என்று எத்தனை நாளை வந்தது, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கனம். இஸ்மத் மரவேலையை விட்டுவிட்டு ஆப்ரிகாட் தோப்பு, தேன்பெட்டி என்று இறங்கிவிட்டான் என்று கேள்வி. கல்யாணம், கருமாதி எதிலும் அண்ணன் உட்கார்ந்திருக்கும் வரிசையில் அவன் உட்கார்ந்ததில்லை. இரண்டு ஆளுக்கு ஒரு தட்டு வைக்கிற ஊரில் அண்ணன் தம்பி ஒரே தட்டில் கை வைக்காமல் பன்னிரண்டு வருஷம் ஓட்டுவது சாமானியமில்லை, தினமும் கவனமாக இருக்க வேண்டும்.

பூ வேண்டுமா? பிடியின் கன்னத்தில் இடம் இருக்கிறது, ஒரு ஆப்ரிகாட் இலையும் மொட்டும் போட்டால்... இஸ்மத் கேலி செய்வானே, கேலி செய்துகொண்டேதான் இருந்தான் அந்தக் காலத்தில். ரம்பத்துக்குப் பூ வெச்சா அதுக்கு அடுத்தாப்புல மாப்பிள்ளை பாக்கணும்ணே, என்பான். ஹம்ரோகுல் தனியே சிரித்தார், சிரிப்பு பட்டறையில் வேறு யாரோ சிரித்த மாதிரிக் கேட்டது. போடலாம், கேலி செய்யட்டுமே, கேலி செய்ய வாயைத் திறக்க வேண்டுமல்லவா, திறந்துவிட்டால் போதும். சின்ன உளியை எடுத்தார். இலையின் நடு நரம்பு முதலில், பிறகு விளிம்பு, பிறகு பின்னணியை அரை மயிரிழை தாழ்த்துவது, தூண் செதுக்கும்போது கூட இவ்வளவு மெதுவாகச் செய்ததில்லை. வெளியே யாரோ மாட்டை அதட்டிக்கொண்டு போனார்கள். இலை வந்துவிட்டது. மொட்டும் வந்தது. உப்புத்தாளை மூன்று தரம் மாற்றித் தேய்த்து, பருத்திக்கொட்டை எண்ணெயைத் துணியில் நனைத்துப் பூசினபோது மரம் உள்ளிருந்து சிவந்து வந்தது, அதைப் பார்க்கிறபோது எப்போதும் வருகிற திருப்தி இப்போதும் வந்தது. பிளவில் தகட்டைச் செருகித் திருகாணியை முடுக்கினார். இரண்டு விரலை நீட்டிக்கொண்டு மூன்று விரலால் பிடித்து ஒரு துண்டுப் பலகையில் இழுத்துப் பார்த்தார். ஆடவில்லை. மேடு உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்தது, காணாமல் போன விரலைத் தேடி எடுத்துக் கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது, ரம்பம் மூன்று விரலுக்கு அடங்கி நேராக இறங்கிற்று.  நாளைக்கு ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, நீட்டினால் போதும், பிடித்துப் பார்த்தால் அவனுக்கே தெரிந்துவிடும், அண்ணன் இத்தனை வருஷமாக எதை நினைத்துக்கொண்டிருந்தான் என்று. வார்த்தையே தேவையில்லை... வார்த்தை எப்போது தனக்கு உதவியிருக்கிறது?

ஏணி இருக்கா என்று கேட்டுக்கொண்டு துராப் வந்தான். பக்கத்து வீடு, சேர்ந்து பள்ளிக்கூடம் போனவன், முன்பு டிராக்டர் ஓட்டியவன், இன்னும் டிராக்டர் சத்தத்துக்கு மேல் பேசுகிற மாதிரிதான் பேசுவான். நாளைக்கு இஸ்மத் வீட்டுக்கு ஏணி வேண்டும், அவனுடையது இரண்டு படி உடைந்திருக்கிறது, இப்போதே கொண்டு போய் அங்கே சாத்திவிடலாம் என்று நினைக்கிறான். நீயும் வர்றதானே, என்று கேட்டுப் பதிலுக்கு நிற்காமல் மேஜையில் இருந்ததைப் பார்த்துவிட்டான்.

"என்னடா இது, ரம்பத்துக்குக் கொழுக்கட்டை புடிச்சு வெச்சிருக்க?"

"இஸ்மத்துக்கு. நாளைக்குக் குடுக்கலாம்னு."

துராப் சிரிக்க வாயைத் திறந்தவன் மூடிக்கொண்டான். எடுத்து வலது கையில் பிடித்தான், மேடு இடித்தது, பிடியைத் திருப்பினான், மெதுவாக ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டிவிட்டு மறுபடி பிடித்தான். புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் இலையையும் மொட்டையும் பெருவிரலால் தடவிக்கொண்டு நின்றான். 

"ஹம்ரோ, அவன் இடது கைலதான அறுக்கறான்."

"யாரு?"

"யாருன்னா? இஸ்மத்துதான். பத்து வருஷமாச்சு. அந்தக் கூரைக்கு நாப்பது கைமரம் யாரு அறுத்தான்னு நெனச்ச? கடை ரம்பம், இடது கை, ஒத்த ஆளா. ஊரே பாத்துச்சே." குரல் இறங்கியது. "உனக்கு நெசமாவே தெரியாதா?"

தெரியாது என்று சொன்னாரா, தலையைத்தான் ஆட்டினாரா. துராப் பிடியைக் கீழே வைத்தான், ரொம்ப மெதுவாக வைத்தான். வேலை நல்ல வேலை, வீணாப் போகாது என்று ஏதோ சொன்னான், தன் கையைப் பார்த்துக்கொண்டான், ஏணியைத் தோளில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான், போகும்போது கதவுநிலையில் ஏணி இடித்தது, அதற்குக் கூட அவன் ஒன்றும் திட்டவில்லை.

இடது கை. இடது கையால் ரொட்டியைத் தொடுவதில்லை, இடது கையால் ஒருத்தருக்கு எதையும் நீட்டுவதில்லை, அப்பா இருந்தபோது யாராவது இடது கையால் உளியை எடுத்துக் கொடுத்தால் வாங்க மாட்டார், கையை மாற்று என்று கூடச் சொல்ல மாட்டார், மாற்றும் வரைக்கும் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவன் இடது கையில் ரம்பம் எடுப்பான் என்று எப்படித் தோன்றும், தோன்றவே இல்லை, மூன்று விரல் மூன்று விரல் என்று வாரம் முழுக்க... வேறு என்ன செய்வான்? இரண்டு விரல் போனவன் மற்றக் கையால்தான் எடுப்பான், குழந்தை கூடச் சொல்லும். சாதாரணப் பிடியாகச் செய்திருந்தால் கூட எந்தக் கையும் பிடித்திருக்கும். பார்த்துப் பார்த்துச் செய்ததனால்தான் உலகத்தில் ஒரே ஒரு கைக்குப் பொருந்துகிறது, அந்தக் கை பன்னிரண்டு வருஷமாக ரம்பம் தொடவில்லை. ஊரே பார்த்தது என்கிறான். நான் ஏன் பார்க்கவில்லை, நாலு சந்துதானே, கடைத்தெருவுக்குப் போக வர அந்தச் சுவரை ஒட்டித்தானே... ஹம்ரோகுல் அப்படியே நின்றார். சுவருக்குப் பின்னால் ரம்பச் சத்தம் கேட்டிருக்கிறது, கேட்கவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும், எத்தனையோ தடவை கேட்டிருக்கிறது, கூலிக்கு யாரையோ வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு நடந்தார். சந்து முனையில் யாராவது ஸலாம் சொல்வார்கள், இவர் பதில் சொல்வார், உள்ளே ரம்பம் நிற்கும். சுவரைத் தாண்டிப் போகும் வரைக்கும் சத்தம் இருக்காது. தாண்டின பிறகு மறுபடி ஆரம்பிக்கும். இது எல்லாத் தடவையுமா? எல்லாத் தடவையும். என் குரல் கேட்டால் கூட அவனுக்குப் பிடிக்கவில்லை என்று ஒரு நாள் தோன்றி அன்று இரண்டு வேளை சாப்பிடவில்லை. அப்படி இல்லை, இடது கையை மறைத்திருக்கிறான். வெட்கத்தாலா? ஊருக்கெல்லாம் காட்டுகிற கையை அண்ணனிடம் மட்டும் மறைக்கிறவனுக்கு என்ன வெட்கம்? பார்த்தால் அண்ணன் என்ன ஆவான் என்று அவன்... அவனும் என்னைப் பற்றி யோசித்துக்கொண்டா இருந்தான், அத்தனை வருஷமும், சுவருக்கு அந்தப் பக்கம்?

இந்த ரம்பத்தை இடது கையில் எடுத்துப் பார்த்தார். மேடு கட்டைவிரலின் அடியில் குத்தியது, பிடிக்கவே முடியவில்லை. அதை வைத்துவிட்டுத் தன்னுடைய ரம்பத்தை எடுத்து இடது கையில் பிடித்து, துண்டுப் பலகையை முழங்காலால் அழுத்திக்கொண்டு இழுத்தார். தகடு எகிறிக் குதித்தது. மறுபடி வைத்து இழுத்தார், கோட்டை விட்டு ஓடிற்று, மூன்றாவது இழுப்பில் கட்டைவிரலை உரசிக்கொண்டு போயிற்று, தோள் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் தவித்தது. ஐம்பது வருஷம் மரத்தோடு கிடந்தவன் இப்படி. இஸ்மத் எத்தனை நாள் இப்படி அறுத்திருப்பான்? எத்தனை பலகை கோணிப் போய் அடுப்புக்குப் போயிருக்கும்? மறுமுனையைப் பிடிக்க யார் இருந்தார்கள், பர்னோவா? கோடு போடாமல் அறுத்தவன் கோடு போட்டும் வராமல், அந்த முற்றத்தில் தனியாக, ரம்பத்தை வீசி எறிந்துவிட்டு மறுபடி போய் எடுத்துக்கொண்டு வந்து... நான் இங்கே அவனுடைய ரம்பத்தை ஆணியில் மாட்டிப் பூச்சிக்குப் போட்டுக்கொண்டு, அவன் கை போச்சே, கை போச்சே என்று அழுதுகொண்டிருந்தேன். போன இரண்டு விரலைத்தான் இத்தனை காலம் மனசில் தூக்கிக்கொண்டு திரிந்தது. அவனிடம் இருக்கிற கையை ஒரு நாள் கூட நினைத்ததில்லை.

பலகையில் இன்னொரு பிடிக்கு மரம் இருந்தது. வெளிச்சமும் இருந்தது, பிற்பகல் அஸர் தொழுகை இப்போதுதான் முடிந்திருக்கும். எந்தக் கைக்கும் சேர்கிற மாதிரிச் சாதாரணப் பிடி ஒரு மணி நேர வேலை, கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஆனால் அது யாருக்கு வேண்டுமானாலும் செய்யலாமே, தெருவில் போகிறவனுக்குக் கூட. இஸ்மத்தின் இடது கைக்குச் செய்வதென்றால் இஸ்மத்தின் இடது கை எப்படி இருக்கும்? அகலமா? பத்து வருஷத்தில் எங்கே காய்ப்பு ஏறியிருக்கும்? கட்டைவிரல் எங்கே வந்து விழும்? ஒன்றும் தெரியவில்லை. கூடவே பிறந்தவன், ஒரே போர்வையில் படுத்தவன். அளவு எடுக்க வேண்டுமென்றால் போக வேண்டும், நாளைக்கு இல்லை, இப்போது, கூட்டம் இல்லாமல், கையில் நீட்டுவதற்கு எதுவும் இல்லாமல். அந்த நினைப்பு வந்ததும் கை தானாக உளியைத் தேடியது, அப்போதுதான் தெரிந்தது, வாரம் முழுக்க இந்த மரத்தைச் செதுக்கியது எதற்கென்று. வாய் திறக்காமல் போய் வந்துவிடுவதற்குத்தான். நான்தான் சுவிட்ச் போட்டு வெச்சேன், சொன்னேனா இல்லையான்னு எனக்குத் தெரியலடா, என்று சொல்லாமல் இருப்பதற்குத்தான்.

பென்சிலையும் ஒரு அட்டையையும் எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். சாம்பல் சட்டைதான், மரத்தூள் ஒட்டின சட்டைதான், மாற்றிக்கொள்ளலாமா? மாற்றப் போனால் உட்கார்ந்துவிடுவோம். வாசல் வரைக்கும் வந்து நின்றார். போய் என்ன சொல்வது, முதலில் ஸலாம், பிறகு கூரை எப்படி வருகிறது என்று கேட்கலாம், வேண்டாம், அதெல்லாம் சுற்றி வளைப்பது, நேரே கேட்டுவிட வேண்டும், கையைக் காட்டுடா, ரெண்டே வார்த்தை. பிடி போட வந்த எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம், தூணுக்கும் கதவுக்கும் அளவு கேட்கிற மாதிரிச் சாதாரணமாக, கையைக் காட்டுடா... ஹம்ரோகுல் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார். அப்படிக் கேட்டால் அவன் எந்தக் கையை நீட்டுவான்?